ராத்திரி படகை எங்கே நிறுத்துவீங்க? – கடல் கடக்கும் பாய்மரப் படகின் சாமக் கணக்கு

புதுச்சேரி கடற்கரைச் சாலையில் மாலை நடைக்கு வருகிறவர்களிடம் பேச்சுவாக்கில், நண்பர்கள் நாலு பேர் அந்தமானிலிருந்து இங்கே பாய்மரப் படகில் வந்தோம் என்று சொன்னால் பெரும்பாலும் முதலில் வரும் கேள்வி இதுதான்: "ராத்திரி படகை எங்கே நிறுத்துவீங்க?"

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. நீச்சல் தெரியுமா, சுறா வருமா என்று கேட்பவர்களைவிட இதைக் கேட்பவர் விஷயத்தின் நடுவிலேயே கை வைத்துவிடுகிறார். நிறுத்தவே மாட்டோம், நிறுத்தவும் முடியாது என்பதுதான் பதில். வங்காள விரிகுடாவின் நடுவில் அந்த வழியில் ஆழம் 3,000 மீட்டருக்கு மேல். எங்கள் படகில் இருந்த நங்கூரச் சங்கிலி 60 மீட்டர். ஆழத்தைப்போல நாலைந்து மடங்கு சங்கிலி விட்டால்தான் நங்கூரம் தரையைச் சரியாகப் பிடிக்கும். ஆக, பத்துப் பன்னிரண்டு மீட்டர் ஆழமுள்ள கரையோரத்தைத் தவிர வேறெங்கும் அந்தச் சங்கிலியால் பயனில்லை.

சரி, பாயை இறக்கிவிட்டுத் தூங்கிவிட்டால் என்ன? காற்றும் நீரோட்டமும் படகை அவற்றின் போக்குக்கு இழுத்துப் போகும். பாயில் காற்று நிற்கும்போது படகு ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓரளவு நிலையாகப் போகும். பாய் இல்லாவிட்டால் தொட்டிலைப் பிடித்து வெறித்தனமாக ஆட்டுவதுபோல உருளும். அதோடு கப்பல்கள் நமக்காக நிற்பதில்லை. அதனால் படகு இரவும் பகலும் போய்க்கொண்டே இருக்கும். அது போகிறவரை யாராவது ஒருவர் விழித்திருக்க வேண்டும். கடல் கடக்கும் படகில் சாப்பாடு, தூக்கம், பேச்சு, சண்டை, சமாதானம் எல்லாமே இந்த ஒரு கட்டாயத்தைச் சுற்றித்தான் அமைகின்றன. அந்த ஏற்பாட்டைத்தான் புதிதாக வருகிறவர்களுக்காக இங்கே விளக்கப் போகிறேன்.

எவ்வளவு தூரம், எத்தனை நாள்

கடலில் தூரத்தைக் கடல் மைலில் அளப்பார்கள். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். மணிக்கு ஒரு கடல் மைல் போனால் அது ஒரு நாட். போர்ட் பிளேர் (2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள்) முதல் புதுச்சேரி வரை நேர்கோட்டில் சுமார் 760 கடல் மைல், அதாவது 1,400 கிலோமீட்டர். ஆனால் போர்ட் பிளேர் தீவின் கிழக்குக் கரையில் இருக்கிறது. தெற்கே இறங்கிச் சுற்றித்தான் மேற்கே திரும்ப வேண்டும். திரும்பியதும் வடக்கு சென்டினல் தீவு வரும். அதைச் சுற்றி 5 கடல் மைலுக்குள் யாரும் போகக் கூடாது என்பது சட்டம். அதையும் விலகி வந்தால் வழி இன்னும் கொஞ்சம் நீளும்.

நாற்பது அடிப் பாய்மரப் படகு சராசரியாக ஐந்து, ஐந்தரை நாட் வேகத்தில் போகும். சைக்கிளைவிட மெதுவான வேகம்தான். ஆனால் சைக்கிள்காரர் ராத்திரி தூங்கிவிடுவார், படகு தூங்காது. ஒரு நாளைக்கு 24 மணி நேரமும் ஓடுவதால் 120 முதல் 130 கடல் மைல் வந்துவிடும். எங்களுக்கு ஆறு நாளும் சில மணி நேரமும் ஆயின.

ஏன் அங்கிருந்து இங்கே, ஏன் பிப்ரவரி என்றும் கேட்பார்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வங்கக் கடலில் புயல் காலம்; ஏப்ரல், மே மாதங்களில் இன்னொரு புயல் காலம். 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்ததைப் பார்த்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. ஜனவரி கடைசியிலும் பிப்ரவரியிலும் புயல் மிக அரிது. வாடைக் காற்று வடகிழக்கிலிருந்து சீராக வீசும். மேற்கே போகும் படகுக்கு அது பின்பக்கவாட்டிலிருந்து தள்ளிக்கொடுக்கும் காற்று. இதே காற்றில் இங்கிருந்து அந்தமானுக்குப் போனால் முகத்தில் அறைந்துகொண்டே இருக்கும். வழியும் ஆட்களும் படகும் அதேதான். திசை ஒன்று மாறினால் பயணமே வேறாகிவிடும்.

சாமம் என்ற பழைய அளவு

முறை வைத்து விழித்திருப்பதை ஆங்கிலத்தில் வாட்ச் என்பார்கள். கப்பல் வேலைக்குப் போன யாராவது வீட்டில் இருந்தால் இந்தச் சொல் உங்களுக்குப் பழக்கமாகவே இருக்கும். ஆனால் நம்மிடம் இதற்கு அழகான பழைய அளவு ஒன்று உண்டு: சாமம். ஒரு நாழிகை 24 நிமிடம், ஏழரை நாழிகை ஒரு சாமம், அதாவது சரியாக மூன்று மணி நேரம். இரவுக்கு நாலு சாமம். நாங்களும் நாலு பேர். ஆளுக்கொரு சாமம் என்று பிரித்தால் மிச்சம் மீதி இல்லாமல் பொருந்திவிடுகிறது. முன்பின் தெரியாத ஒரு கடல் ஏற்பாட்டை, பாட்டி சொன்ன "மூணாஞ் சாமம்" என்ற சொல்லை வைத்தே புரிந்துகொள்ள முடிந்தது எனக்குப் பெரிய சந்தோஷம்.

மூன்று மணி நேரம் என்பதற்குக் காரணம் உண்டு. இருட்டில் தனியாக உட்கார்ந்து கடலையே பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவரின் கவனம் அதற்குமேல் தளர்ந்துவிடும். அதைவிடக் குறைத்தால் மற்றவர்களுக்குத் தொடர்ந்த தூக்கம் கிடைக்காது.

இதில் ஒரு சிக்கல். நாள் முழுவதையும் மூன்று மூன்று மணியாக வெட்டினால் எட்டுத் துண்டு வரும். நாலு பேருக்கு எட்டு சரியாகப் பங்காகிவிடும் என்பதே பிரச்சினை. முதல் நாள் யாருக்கு நள்ளிரவு வந்ததோ அவருக்கே தினமும் நள்ளிரவு வரும். கப்பல்களில் நாலு மணி நேர முறை வைத்தவர்களும் இதைச் சந்தித்தார்கள். மாலை நாலு முதல் எட்டு வரை இருந்த முறையை இரண்டாக வெட்டி, ஆறு துண்டை ஏழாக்கினார்கள். ஒற்றைப்படை ஆனதும் முறை தானாக நகர ஆரம்பித்துவிட்டது.

நாங்களும் ஏழாக்கினோம், கொஞ்சம் வேறு விதமாக. இரவு நாலு சாமம்: ஆறு முதல் ஒன்பது, ஒன்பது முதல் பன்னிரண்டு, பன்னிரண்டு முதல் மூன்று, மூன்று முதல் ஆறு. பகலில் வெளிச்சமும் துணையும் இருப்பதால் நாலு மணி நேரமாக மூன்று முறை: காலை ஆறு முதல் பத்து, பத்து முதல் இரண்டு, இரண்டு முதல் மாலை ஆறு. மொத்தம் ஏழு. நாலு பேரும் வரிசை மாறாமல் ஒருவர் பின் ஒருவராக வந்தால் என்ன ஆகிறது என்று ஒரு காகிதத்தில் போட்டுப் பாருங்கள். இன்றைக்கு முதலாம் சாமம் பார்த்தவருக்கு நாளை இரண்டாம் சாமம், மறுநாள் நடுச்சாமம், அதற்கடுத்த நாள் கடைசிச் சாமம். நாலு நாளில் எல்லாரும் எல்லாவற்றையும் பார்த்துவிடுவார்கள். சராசரியாக ஆளுக்கு ஒரு நாளைக்கு ஆறு மணி நேர வேலை.

இன்னொரு நல்லதும் இதில் ஒளிந்திருக்கிறது. கடைசிச் சாமம் முடித்து ஆறு மணிக்கு இறங்குகிறவருக்கு மறுபடி மாலை ஆறு வரை முறை வராது. பன்னிரண்டு மணி நேரம் முழுக்க ஓய்வு. அதனால் அன்றைய சமையல் அவருடையது. "இன்னைக்கு யார் சமைக்கிறது?" என்று ஒரு நாள்கூட நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை.

இரண்டே பேர் என்றால் இந்த வசதி எதுவும் கிடையாது. ஒருவர் தூங்கினால் மற்றவர் விழிக்க வேண்டும், அவ்வளவுதான். நம் புதுச்சேரியைச் சேர்ந்த கடற்படை அதிகாரி லெப்டினன்ட் கமாண்டர் ரூபா, கோழிக்கோட்டுக்காரரான தில்னாவுடன் ஐஎன்எஸ்வி தாரிணி என்ற 56 அடிப் படகில் உலகையே சுற்றி வந்தார். 2024 அக்டோபர் 2-இல் கோவாவிலிருந்து கிளம்பி 2025 மே 29-இல் அங்கேயே திரும்பினார்கள். இடையில் நாலே துறைமுகங்கள், 25,000 கடல் மைலுக்கு மேல். நாலு பேராக ஆறு நாள் வந்த பிறகுதான், இரண்டு பேராக எட்டு மாதம் என்றால் என்ன என்று என்னால் ஓரளவுக்காவது நினைத்துப் பார்க்க முடிகிறது.

சாமக்காரர் என்ன செய்வார்

சுக்கானைப் பிடித்துக்கொண்டு நிற்பார் என்று சினிமா பார்த்து நினைத்திருப்போம். இல்லை. கடல் கடக்கும்போது பெரும்பாலும் ஆட்டோபைலட்தான் சுக்கானைப் பிடிக்கும். சாமக்காரரின் முதல் வேலை பார்ப்பது. கடலில் மோதல் தவிர்ப்பதற்கான 1972-ஆம் ஆண்டின் சர்வதேச விதிகளில் ஐந்தாம் விதி இதைத்தான் சொல்கிறது: எந்தக் கலமானாலும் எந்நேரமும் கண்ணாலும் காதாலும் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

எவ்வளவு அடிக்கடி? கொஞ்சம் கணக்கு போடலாம். 20 நாட் வேகத்தில் வரும் சரக்குக் கப்பலும் ஐந்து நாட் வேகத்தில் போகும் நாமும் எதிரெதிரே வந்தால், நடுவில் உள்ள தூரம் மணிக்கு 25 கடல் மைல் குறையும். பத்து நிமிடத்தில் நாலு கடல் மைலுக்கு மேல். வெளிச்சம் தெரிந்து, அது எந்தத் திசையில் போகிறது என்று புரிந்து, படகைத் திருப்புவதற்குள் நேரம் ஓடிவிடும். அதனால் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை எழுந்து நின்று நாலு பக்கமும் நிதானமாகச் சுற்றிப் பார்க்க வேண்டும் என்று வைத்துக்கொண்டோம். கடிகாரத்தில் பத்து நிமிட மணி அடித்துக்கொண்டே இருக்கும். ஒரு சாமத்துக்குப் பதினெட்டு முறை.

இருட்டில் கப்பலைப் பார்த்துப் புரிந்துகொள்வது முதலில் மிரட்டும், இரண்டே இரவில் பழகிவிடும். ஓடும் கலங்களுக்குப் பொதுவாக இடப்பக்கம் சிவப்பு விளக்கு, வலப்பக்கம் பச்சை, பின்னால் வெள்ளை. பெரிய கப்பல்களுக்கு மேலே இரண்டு வெள்ளை விளக்கு, முன்னது தாழ்ந்தும் பின்னது உயர்ந்தும் இருக்கும். சிவப்பு மட்டும் தெரிந்தால் அதன் இடப்பக்கத்தைப் பார்க்கிறோம். சிவப்பும் பச்சையும் சேர்ந்து தெரிந்து, மேலே உள்ள இரண்டு வெள்ளையும் ஒன்றின் மேல் ஒன்றாக நேர்கோட்டில் நின்றால் அது நம்மை நோக்கி நேராக வருகிறது. இன்னொரு சோதனையும் உண்டு. திசைகாட்டியில் அந்த விளக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். சில நிமிடம் கழித்தும் அதே பக்கத்தில் இருந்து, வெளிச்சம் மட்டும் பெரிதாகிக்கொண்டே போனால் மோதல் வழியில் இருக்கிறோம் என்று அர்த்தம்.

கப்பல்கள் தம் விவரங்களை வானொலி அலையில் அனுப்பிக்கொள்ளும் ஏஐஎஸ் கருவி இருந்தால் பெரிய கப்பலின் பெயர், வேகம், எவ்வளவு நெருங்கி வரும் என்பதெல்லாம் திரையில் தெரியும். மிக உதவியான கருவி. ஆனால் எல்லாப் படகிலும் அது இருக்காது. நம் கரையிலிருந்து போகும் சின்ன ஃபைபர் படகுகளைத் திரையில் தேடிக்கொண்டிருந்தால் ஏறி இடித்துவிடுவோம். கண்தான் முதல் கருவி. கண் இருட்டுக்குப் பழக இருபது, முப்பது நிமிடம் பிடிக்கும்; ஒரு முறை கைபேசித் திரையைப் பார்த்தால் அத்தனையும் போய்விடும். படகுக்குள் இரவில் சிவப்பு விளக்கு மட்டும் எரிவதற்கு அதுவே காரணம்.

மணிக்கு ஒரு தரம் குறிப்பேட்டில் எழுத வேண்டும்: இடம், திசை, வேகம், காற்று, காற்றழுத்தம். காற்றழுத்தத்தைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. நம் பகுதிக் கடலில் அது தினமும் இரண்டு முறை ஏறி இரண்டு முறை இறங்கும். காலை பத்து, இரவு பத்து மணி வாக்கில் உச்சம். அதிகாலை நாலு, மாலை நாலு வாக்கில் தாழ்வு. வித்தியாசம் சுமார் மூன்று மில்லிபார். புதிதாக வருகிறவர் மாலை மூன்று மணிக்கு முள் இறங்குவதைப் பார்த்துப் பதறிவிடுவார். எழுதி வைத்த குறிப்பு இருந்தால் நேற்றும் இதே நேரத்தில் இதே அளவு இறங்கியது தெரியும். அந்த அன்றாட அசைவையும் தாண்டி இறங்கினால்தான் கவலைப்பட வேண்டும்.

அப்புறம் பாதுகாப்பு. இரவில் சாமக்காரர் லைஃப் ஜாக்கெட் போட்டு, வாரின் ஒரு முனையைத் தன் மார்பிலும் மறு முனையைப் படகிலும் மாட்டியிருப்பார். உட்காரும் குழியை விட்டு வெளியே ஏற வேண்டுமானால் இன்னொருவரை எழுப்பிவிட்டுத்தான் ஏற வேண்டும், எவ்வளவு சின்ன வேலையானாலும் சரி. ஐந்து நாட் வேகத்தில் படகு ஒரு நிமிடத்தில் 150 மீட்டர் தாண்டிவிடும். அலைக்கு நடுவில் ஒரு மனிதத் தலை அந்தத் தூரத்தில் பகலிலேயே தெரியாது. இரவில் தனியாக விழுந்தவரைக் கண்டுபிடிப்பது ஏறக்குறைய நடக்காத காரியம். ஆண்களுக்கு ஒன்று சொல்கிறேன், கூச்சப்படாமல் கேளுங்கள்: விளிம்பில் நின்று சிறுநீர் கழிக்கவே கூடாது. உள்ளே போய் உட்கார்ந்துதான்.

எழுப்புவது

இந்த ஏற்பாடு முழுவதும் தொங்கிக்கொண்டிருப்பது ஒரு ஆணியில். முறை மாறும் அந்த இருபது நிமிடம்தான் அந்த ஆணி.

ஆழ்ந்த தூக்கத்திலிருந்து எழுந்தவருக்கு முதல் பதினைந்து, இருபது நிமிடம் மூளை சரியாக ஓடாது. அதனால் மூன்று மணி முறைக்கு இரண்டே முக்காலுக்கு முன்பே எழுப்ப வேண்டும். எழுந்தவர் ஜாக்கெட் மாட்டி, முகம் கழுவி, ஒரு வாய் சுக்கு காபி குடித்து, மேலே வந்து இருட்டுக்குக் கண்ணைப் பழக்கிக்கொள்வார். பிறகு போகிறவர் வருகிறவரிடம் ஒப்படைக்க வேண்டும்: என்ன திசை, காற்று எப்படி மாறியது, எந்தப் பாய் எவ்வளவு விரித்திருக்கிறது, எந்தப் பக்கம் எந்தக் கப்பல், பேட்டரி எவ்வளவு. வந்தவர் "நான் பார்த்துக்கறேன்" என்று வாயால் சொன்ன பிறகுதான் முந்தையவர் கீழே இறங்கலாம். தலையாட்டினால் போதாது.

மூன்றாவது இரவில் நாங்கள் இதில் தவறினோம். எங்களில் ஒருவர் கடலூரில் செவிலியர். அக்கா என்றுதான் கூப்பிடுவோம். முதல் இரண்டு நாள் கடல் மயக்கத்தில் அவருக்குச் சோறே இறங்கவில்லை. அன்றுதான் கொஞ்சம் கண்ணயர்ந்திருந்தார். அவருக்கு நடுச்சாமம். அவரை எழுப்ப வேண்டியவர் கடலூர் தேவனாம்பட்டினத்துத் தம்பி, எங்கள் நால்வரில் கடலை நன்றாக அறிந்தவர். பாவம், தூங்கட்டும் என்று விட்டுவிட்டார். நம் வீட்டில் யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்வோம். அசந்து தூங்குகிறவரை எழுப்பாமல் போர்வையை இழுத்துவிடுவதுதான் நமக்குத் தெரிந்த பாசம். இரண்டு மணிக்கு மேல் தம்பி உட்கார்ந்தபடியே தூங்கிப்போனார். பத்து நிமிட மணி அடித்துக்கொண்டே இருந்தது. கீழே படுத்திருந்த எனக்குத்தான் அது காதில் விழுந்தது. மேலே வந்து பார்த்தபோது தெற்கே ஒரு கப்பலின் வெள்ளை விளக்கு விலகிப் போய்க்கொண்டிருந்தது. அது எப்போது வந்தது, எவ்வளவு பக்கத்தில் கடந்தது என்று எங்கள் யாருக்கும் தெரியாது.

காலையில் அக்கா கோபப்பட்டார், எனக்கு அது முதலில் ஆச்சரியமாக இருந்தது. "ஆஸ்பத்திரியில நைட் ட்யூட்டி மாத்த நான் லேட்டா போனா நோயாளியை யாரு பார்ப்பா தம்பி? எனக்கு முடியலன்னா நானே சொல்லுவேன். நீயா முடிவு பண்ணாதே" என்றார். தம்பி மறுபேச்சுப் பேசவில்லை. அன்றிலிருந்து யாரும் யாரையும் பாவம் பார்க்கவில்லை. உடம்பு முடியாதவர் முந்தைய மாலையிலேயே சொல்லிவிடுவார், மற்ற மூவரும் முறையைத் திருத்திக்கொள்வோம். கூட்டாளிகளோடு கடலுக்குப் போக நினைக்கிறவர்களுக்கு எல்லாவற்றையும்விட அழுத்தி நான் சொல்ல விரும்புவது இதைத்தான்: எழுப்பிவிடுங்கள். குறித்த நேரத்தில், தோளைத் தொட்டு, பெயர் சொல்லி.

தூக்கமும் சோறும்

சாய்ந்து ஆடும் படகில் கட்டிலிலிருந்து உருண்டு விழாமல் இருக்க, பக்கத்தில் ஒரு துணித் தடுப்பைக் கட்டிக்கொண்டு படுப்போம். தூளியில் கிடப்பதுபோல இருக்கும். ஒரே மூச்சில் எட்டு மணி நேரம் தூங்குகிற பழக்கத்தை மறந்துவிட வேண்டும். இரவில் ஐந்தாறு மணி நேரம், பகலில் ஒன்றிரண்டு மணி நேரம் என்று உடம்பு மூன்றாம் நாளுக்குள் புது கணக்குக்கு வந்துவிடும்.

கடல் மயக்கம் பெரும்பாலோருக்கு வரும், இரண்டு மூன்று நாளில் போய்விடும். உள்காது ஆட்டத்தை உணர்கிறது, அறைக்குள் இருக்கும் கண்ணோ எல்லாம் அசையாமல் நிற்பதாகச் சொல்கிறது. இரண்டும் ஒத்துப்போகாததால் வரும் தொல்லை அது. மேலே வந்து அடிவானத்தைப் பார்த்தால் தணியும். மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு, கிளம்புவதற்கு முன்பே போட வேண்டும். வாந்தி தொடங்கிய பிறகு போட்டால் அது உள்ளே நிற்காது.

சமையலுக்குப் பிரஷர் குக்கரைவிட நல்ல பாத்திரம் படகுக்கு இல்லை. மூடி பூட்டிக்கொள்ளும், கவிழ்ந்தாலும் கொதிநீர் யார் மேலும் கொட்டாது. அடுப்பே இரண்டு பக்கமும் கொண்டி போட்டுத் தொங்குவதால் படகு சாயும்போது அது சமமாக நிற்கும். முதல் இரண்டு நாளுக்குக் கிளம்பும்போதே கிளறி எடுத்துக்கொண்ட புளியோதரை. மயங்கிக் கிடக்கும் வயிற்றுக்கு அதுவும் சுட்ட அப்பளமும் போதும். பிறகு சோறு, பருப்பு, கருவாட்டுக் குழம்பு. நல்ல தண்ணீரை மிச்சம் பிடிக்க, சோற்றுக்கு வைக்கும் நீரில் ஐந்தில் ஒரு பங்கு கடல் நீர் சேர்ப்போம், தனியாக உப்பு வேண்டாம். குடிக்க ஆளுக்கு நாளொன்றுக்கு மூன்று லிட்டருக்குக் குறையாமல் கணக்கிட்டு, அதைப்போல இரண்டு மடங்கு ஏற்றியிருந்தோம். பாத்திரம் கழுவுவது கடல் நீரில். குளிப்பதும் கடல் நீரில்தான், கடைசியில் ஒரு சொம்பு நல்ல தண்ணீர்.

காலையில் மேல்தளத்தில் கோலா மீன் செத்துக் கிடக்கும், இரவில் பறந்து வந்து விழுந்தவை. தம்பிதான் பொறுக்கி ஆய்ந்து வறுப்பார்.

நாலு நண்பர்கள் ஆறு நாள் ஒரே படகில் இருந்தால் ஓயாத பேச்சாக இருக்கும் என்று நினைத்துத்தான் ஏறினேன். நடந்தது வேறு. ஒருவர் மேலே, ஒருவராவது தூக்கத்தில், ஒருவர் சமையலில். நாலு பேரும் சேர்ந்து உட்கார்ந்தது மாலை ஐந்து முதல் ஆறு வரை, சாப்பாட்டு நேரத்தில் மட்டும். மற்றபடி ஒவ்வொருவரையும் நான் அறிந்துகொண்டது முறை மாறும் அந்தக் கால் மணி நேரங்களில்தான். படகுக்கார அண்ணனை எனக்கு இருபது வருடமாகத் தெரியும். அவருடைய அப்பாவைப் பற்றி அவர் முதன்முதலாகப் பேசியது ஐந்தாம் நாள் அதிகாலை மூன்று மணிக்கு, காபியைக் கையில் கொடுத்துவிட்டுக் கீழே இறங்காமல் நின்றபோது.

வானமும் கடிகாரமும்

ஆறு நாளும் கடிகாரத்தை இந்திய நேரத்திலேயே வைத்திருந்தோம். சூரியன் அதற்குக் கட்டுப்படவில்லை. போர்ட் பிளேர் புதுச்சேரிக்குக் கிழக்கே சுமார் 13 தீர்க்கரேகைப் பாகை. ஒரு பாகைக்கு நாலு நிமிடம் என்றால் ஐம்பது நிமிடத்துக்கு மேல் வித்தியாசம். பிப்ரவரியில் அங்கே ஐந்தே முக்காலுக்கு முன்பே விடியும், இங்கே ஆறரைக்கு. மேற்கே வரவர விடியல் தினமும் எட்டு, ஒன்பது நிமிடம் பின்னால் போகும். முதல் இரண்டு நாள் சூரியன் கடைசிச் சாமக்காரரின் முறையிலேயே உதித்துவிட்டது. மூன்றாம் நாளிலிருந்து அவர் சூரியன் வருமுன்பே ஒப்படைத்துவிட்டுப் போக, உதயம் அடுத்தவருக்குக் கிடைத்தது. அக்கா தன் முறை முடிந்தும் இருபது நிமிடம் படுக்கப் போகாமல் காத்திருந்து பார்த்தார்.

மாறாத ஒன்றும் உண்டு. துருவ நட்சத்திரம் அடிவானத்துக்கு மேலே எத்தனை பாகை உயரத்தில் நிற்கிறதோ, கிட்டத்தட்ட அதுவே நாம் இருக்கும் அட்சரேகை. போர்ட் பிளேரும் புதுச்சேரியும் ஏறக்குறைய 12 பாகையில் இருப்பவை. கையை நீட்டி முஷ்டியைப் பிடித்தால் அது சுமார் பத்துப் பாகை. ஆறு இரவும் வலப்பக்கம், அடிவானத்துக்கு மேலே ஒரு முஷ்டிக்குக் கொஞ்சம் கூடுதலான உயரத்தில் அந்த மங்கலான நட்சத்திரம் நின்றது. அது ஏறினால் நாம் வடக்கே விலகிவிட்டோம், இறங்கினால் தெற்கே. ஜிபிஎஸ் இருக்கும்போது இது எதற்கு என்று கேட்கலாம். நடுச்சாமத்தில் தனியாக இருக்கும்போது, சரியான வழியில் போகிறோம் என்பதை நம் கை முஷ்டியே சொல்வது எனக்கு வேறு எதிலும் கிடைக்காத தைரியத்தைக் கொடுத்தது.

தைரியம் வானத்திலிருந்து மட்டும் போதாது. ஆபத்தில் இடத்தைத் தானாக அறிவிக்கும் ஈபர்ப் கருவியும் மற்றக் கப்பல்களோடு பேச விஎச்எஃப் வானொலியும் கட்டாயம் வேண்டும். கடலோரக் காவல் படையின் உதவி எண் 1554, கரையில் இருக்கும் குடும்பத்தாரிடம் எழுதிக் கொடுத்துவிட்டு வர வேண்டும். சேட்டிலைட் போனை அனுமதி இல்லாமல் எடுத்துப் போகாதீர்கள், நம் நாட்டில் அது குற்றம்.

கரை நெருங்கும்போது

கரை தெரிந்தால் நிம்மதி என்று நினைப்போம். உண்மையில் கடைசி இரவுதான் கடினமானது. நடுக்கடலில் ஒரு நாள் முழுக்க ஒரு விளக்கும் தெரியாமல் போகலாம். கரையிலிருந்து நூறு கிலோமீட்டருக்குள் வந்துவிட்டால் விசைப்படகுகள், அவற்றின் வலைகள், அதற்கும் உள்ளே ஒற்றை டார்ச் விளக்கோடு நிற்கும் ஃபைபர் படகுகள். பாய்மரப் படகுக்கு எஞ்சின் கலங்கள் வழிவிட வேண்டும் என்பது பொது விதி. ஆனால் வலை போட்டு மீன் பிடித்துக்கொண்டிருப்பவருக்குப் பாய்மரப் படகுதான் வழிவிட வேண்டும். அது அவர்களுடைய வயல்.

அதனால் கடைசி இரவு சாமக் கணக்கைக் கலைத்து, இருவர் இருவராக ஆறு மணி நேரம் என்று மாற்றிக்கொண்டோம். ஒருவர் பின்னால், ஒருவர் முன்னால் அணியத்தில், வாரை மாட்டிக்கொண்டு. வலையின் மிதவைகளைத் தம்பி எங்களுக்கு முன்பே கண்டுகொண்டார். ஒரு இடத்தில் மீனவர் ஒருவர் டார்ச்சை அடித்துக் காட்ட, தம்பி கடலூர்ப் பேச்சில் கத்திக் கேட்டு வலையின் முனை எங்கே என்று தெரிந்துகொண்டு சுற்றி வந்தோம்.

மறுநாள் பிற்பகல் புதுச்சேரிக்கு வெளியே, பத்து மீட்டர் ஆழத்தில் நங்கூரத்தை இறக்கினோம். ஆறு நாளாகப் பயனில்லாமல் கிடந்த சங்கிலி கடகடவென்று ஓடியது. ஐம்பது மீட்டர் விட்டோம். கடற்கரைச் சாலையில் விளக்கு எரிய ஆரம்பித்தபோது அண்ணன் குறிப்பேட்டை எடுத்து அன்றைய இரவுக்கு முறை எழுதினார். மணல் தரையில் நங்கூரம் இழுபட்டால் படகு கரையில் ஏறிவிடும். அதனால் திறந்த கடற்கரையில் நிற்கும் இரவிலும் ஒருவர் விழித்திருந்து, கரையில் இரண்டு விளக்குகளை அடையாளம் வைத்து அவை விலகுகின்றனவா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். முதல் சாமம் எனக்கு. ஒன்பது மணிக்குக் கால் மணி நேரம் இருக்கும்போது கீழே போய்த் தம்பியின் தோளைத் தொட்டேன்.